இஸ்ஸா: தந்தையின் வீட்டில் பாதி

ஹைக்கூவின் பெருங்கவிஞர் வரிசையில் பாஷோ, புசோன் ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படுபவர் கோபயாஷி இஸ்ஸா. 1763 ஆம் ஆண்டு, யப்பானின் ஷினானோ மாகாணத்தில் உறைபனி மிகுந்த கஷிவபரா என்னும் கிராமத்திலே, விவசாயி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். இயற்பெயர் யத்தாரோ. மூன்றாம் வயதில் தாயை இழந்த அவரைப் பாட்டி வளர்த்தார். தந்தை மறுமணம் புரிந்து, சிற்றன்னைக்கு ஒரு மகன் பிறந்தபின் வீட்டில் பூசல் மூண்டது. பாட்டியும் கண்மூடவே, 1777 இல், தமது 14 ஆம் வயதில், தன்னந்தனியே எடோ நகருக்கு அனுப்பப்பட்டார். இன்றைய டோக்கியோதான் அந்த எடோ.

அடுத்த பத்தாண்டுகளில் அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்குச் சான்றுகள் மிகக் குறைவு. ஷினானோவிலிருந்து குளிர்காலக் கூலிவேலைக்கு வருவோரை நகரத்தார் ஒரு பறவையின் பெயரால் கேலி செய்த காலம் அது. அந்த ஏளனத்தை இஸ்ஸா தம் கவிதையிலும் பதிவு செய்தார். சிக்குவா என்னும் ஆசானிடம் கவிதை பயின்றார். 1792 முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் மேற்கு யப்பானில் அலைந்தார். இஸ்ஸா என்ற புனைபெயருக்கு ஒரு கிண்ணத் தேநீர் என்பது பொருள்.

1801 இல் அவர் ஊர் வந்திருந்த வேளையில் தந்தை நெருப்புக் காய்ச்சலில் வீழ்ந்தார். படுக்கையருகே இருந்து பணிவிடை செய்த நாட்களை இஸ்ஸா நாட்குறிப்பாக எழுதிவைத்தார். சொத்தில் பாதி மூத்த மகனுக்கு என்பது தந்தையின் இறுதி விருப்பம். சிற்றன்னையும் தம்பியும் அதற்கு இணங்கவில்லை. அவர் இல்லாத காலத்தில் அந்நிலத்தில் உழைத்து அதைப் பெருக்கியவர்கள் அவர்களே என்பதையும் இங்கு மறத்தலாகாது. வழக்கு 12 ஆண்டுகள் நீடித்தது. 1813 இல், ஊர்க் கோயில் குருவின் நடுநிலையால் உடன்பாடு ஏற்பட்டது. வீடே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஊரை விட்டு 36 ஆண்டுகளின் பின் கிடைத்தது அந்தப் பாதி வீடு.

மறு ஆண்டு கிக்கு என்பவரை மணந்தார். பிறந்த நான்கு பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக மடிந்தனர். சத்தோ என்ற சிறுமி 1819 இல் பெரியம்மைக்குப் பலியானாள். அவ்வாண்டின் நிகழ்வுகளை உரைநடையும் கவிதையுமாக அவர் தொகுத்த நூலே அவருடைய படைப்புகளுள் தலையாயது. உலகம் நிலையற்றது என்ற பௌத்த போதனையை மகளின் இழப்புக்கு எழுதிய கவிதையில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் தந்தையின் மனம் ஆற மறுப்பதை ஈற்றில் ஒரு சிறு சொற்றொடரால் உணர்த்திவிடுகிறார். 1823 இல் கிக்குவும் இறந்தார்.

ஐந்து, ஏழு, ஐந்து என 17 அசைகள். பருவத்தைச் சுட்டும் ஒரு சொல். பொருளை இரண்டாக நிறுத்திக் காட்டும் ஒரு வெட்டு. இந்தக் குறுகிய வடிவிற்குள் ஈயையும் தெள்ளுப்பூச்சியையும் தவளையையும் குருவிக்குஞ்சையும் இஸ்ஸா குடியேற்றினார். கிராமத்துப் பேச்சுச் சொற்களுக்கும் இடமளித்தார். பாஷோ விட்டுச்சென்றவை ஏறத்தாழ ஆயிரம். இஸ்ஸா எழுதியவையோ 20,000 க்கு மேல். ஹைக்கூ எழுத முயல்வோர் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. துயரத்தைப் பெயர் சொல்லி அழைக்காது, கண்முன் உள்ள ஒரு சிற்றுயிரைக் காட்டிவிட்டு அவர் விலகிக்கொள்கிறார். எஞ்சியதை வாசகரே உணர்ந்துகொள்ளவேண்டும்.

1827 இல் கிராமத்தில் பரவிய தீ, அத்தனை ஆண்டுகள் போராடிப் பெற்ற அந்த வீட்டை எரித்தது. மூன்றாம் மனைவி யாவோவுடன், எஞ்சிநின்ற மண்சுவர்க் களஞ்சியத்தில் குடியிருந்த இஸ்ஸா 1828 சனவரி 5 அன்று காலமானார். அப்போது யாவோ கருவுற்றிருந்தார். தந்தையின் முகம் காணாது பிறந்த யத்தா என்ற அந்த மகள் பிழைத்து வளர்ந்தாள். இஸ்ஸாவின் குலம் அவளால் நிலைத்தது.