இராஜாஜியின் அறிவியல் தமிழ்: கலைச்சொல்லிலிருந்து உரைநடைக்கு

முன்னுரை

அறிவியல் தமிழ் எழுதக் கற்கும் மாணவர் முதலில் தேடுவது கலைச்சொல்லை. கலைச்சொல் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு இராஜாஜியின் வாழ்க்கை விடை தருகிறது.

பிறப்பும் கல்வியும்

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 10.12.1878 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அக்காலச் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் இன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி அது. ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னையில் சட்டம் கற்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார்.

கலைச்சொல் முயற்சி

1916இல் வெங்கடசுப்பையருடன் இணைந்து தமிழ்ச் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கத்தை நிறுவினார். இயற்பியல், வேதியியல், தாவரவியல், கணிதம், வானியல் ஆகிய துறைகளுக்குத் தமிழ்ச் சொற்களை உருவாக்குவது அதன் நோக்கம். பாரதியார் இம்முயற்சியை வரவேற்றார். எனினும் சங்கத்தின் இதழ் ஆங்கிலத்தில் வெளிவந்ததைக் குறையாகக் கண்டார். அக்குறை பொருளுடையது. சொற்பட்டியல் கற்றோரிடையே நின்றுவிடும். தொடராக அமைந்தாலன்றிக் கற்போரைச் சென்றடையாது.

உரைநடை முயற்சி

1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். 1929இல் அங்கிருந்து மதுவிலக்குப் பரப்ப ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். கல்கி அதில் துணைபுரிந்தார். எளிய மக்களுக்காக எழுதும் இந்நோக்கே அவருடைய அறிவியல் நூல்களிலும் தொடர்ந்தது. ‘திண்ணை ரசாயனம்’ வேதியியலை வீட்டுத் திண்ணைக்குக் கொணர்ந்தது. ‘தாவரங்களின் இல்லறம்’ தாவர இனப்பெருக்கத்தைக் குடும்ப வாழ்வின் சொல்லால் அறிமுகப்படுத்தியது. தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கும் முறையைத் தலைப்புகளே காட்டுகின்றன.

முரண்

சென்னை மாகாண முதலமைச்சராக 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதால் தமிழறிஞர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவ்வாணை 1940இல் விலக்கப்பட்டது. தமிழில் அறிவியலை எழுதியவரே தமிழின் நலனுக்கு எதிரானவராகக் கருதப்பட்டார். அவருடைய அறிவியல் தமிழ்ப் பணியை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

முடிவுரை

இராஜாஜி 25.12.1972 அன்று மறைந்தார். அவர் ஆண்ட பரிபாஷை, ரசாயனம் ஆகிய சொற்களின் இடத்தில் இன்று கலைச்சொல், வேதியியல் என்பன வழங்குகின்றன. சொற்கள் மாறியும் அவருடைய விளக்கமுறை பழமைப்படவில்லை. அவர் பிறந்த ஓசூர்ப் பகுதி இன்று தொழிற்சாலைகள் நிறைந்தது. அங்கு இயந்திரம் இயக்கும் முறையைத் தமிழில் எழுதப் பயிலும் மாணவருக்குக் கலைச்சொற் பட்டியலோடு, படிப்பவர் யார், அவர் முன்பே அறிந்தது எது என்று வினவும் பயிற்சியும் தேவை.