தந்தை செல்வா

எண்ணிக்கையால் நடப்பது மக்களாட்சி. எண்ணிக்கையில் என்றும் சிறுபான்மையாகவே நிற்கும் இனத்திற்கு அவ்வாட்சியில் இடம் எது? இவ்வினாவுக்கு விடை தேடியே தம் வாழ்நாளின் பிற்பாதியைச் செலவிட்டவர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஈழத் தமிழர் அவரைத் தந்தை செல்வா என்றழைத்தனர்.

1898 மார்ச் 31இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தார்; ஆசிரியராயிருந்து, பின் கொழும்பில் பெயர்பெற்ற வழக்கறிஞரானார். கிறித்தவரான அவரைச் சைவர் நிறைந்த காங்கேசன்துறை 1947இல் நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோரின் வழிவந்தவரும் அவர்களுள் அடங்குவர். பெரம்பலூரும் அரியலூரும் அம்மாவட்டத்தின் பகுதிகளே. யாழ்ப்பாணத்தார்க்கு அச்சட்டத்தால் நேரடி இழப்பில்லை. எனினும் செல்வநாயகம் அதனை எதிர்த்தார். தலைவர் பொன்னம்பலம் அரசில் அமைச்சராகவே, அவரைப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1952 தேர்தலில் தோல்வியே கிட்டியது.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. காலிமுகத் திடலில் அறப்போர் நிகழ்த்திய அவருடைய தொண்டர்கள் தாக்கப்பட்டனர். அவரோ பேச்சைக் கைவிடவில்லை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் பிரதேச சபை ஒப்பந்தம் கண்டார். எதிர்க்கட்சியினர் கண்டி நோக்கி நடக்கப் புறப்பட்டனர், பிக்குகள் முற்றுகையிட்டனர், 1958 ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது. 1965இல் டட்லி சேனாநாயக்காவுடன் இன்னோர் ஒப்பந்தம். இம்முறை எதிர்த்தவர்கள் பண்டாரநாயக்காவின் கட்சியினர். ஆட்சிகள் மாறின; வாக்குக்காக இனவுணர்வைத் தூண்டும் வழக்கம் மாறவில்லை.

1972இல் வந்த அரசியலமைப்பு, சிறுபான்மையோர்க்கிருந்த பழைய காப்பு விதியையும் நீக்கியது. செல்வநாயகம் பதவி துறந்து, மக்கள் தீர்ப்பைக் கோரினார். இடைத்தேர்தல் ஈராண்டுக்கும் மேல் தள்ளிப்போடப்பட்டு, 1975 பிப்ரவரியில் நடந்தது, பெருவாக்கில் வென்றார். 1976இல் வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டாட்சி கேட்ட கிழவரைப் பிரிவினைக்குக் கொணர்ந்து நிறுத்தியவை முறிந்த வாக்குறுதிகளே. 1977 ஏப்ரல் 26இல் அவர் மறைந்தார்.

எஞ்சியிருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அவர் முதலில் தொடுத்த வழக்கு, அவர் மறைந்து 26 ஆண்டுகளுக்குப் பின்னரே தீர்ந்தது. கூட்டாட்சி வழக்கோ இன்னும் தீரவில்லை.