கல்லுக்குள் காடு கண்ட பீர்பல் சாஹ்னி

சேலம், நாமக்கல் பகுதியில் வாழும் நமக்குக் கல் புதிதல்ல. நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாக மலை எழுந்து நிற்கிறது. சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிறார்கள். கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது. தோட்டத்தில் கிணறு வெட்டினாலும் சில முழ ஆழத்திலேயே பாறை தட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட கல்லைச் சம்மட்டியால் பிளக்கும்போது, சில வேளைகளில் அதன் உட்புறத்தில் கறுப்பு மையால் வரைந்தது போல ஓர் உருவம் தெரியும். தண்டு, தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை என்று பெரணிச் செடியைப் போலவே அது இருக்கும்.

அப்படிப்பட்ட கல் ஒன்று எனக்குக் கிடைத்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடி கல்லுக்குள் அகப்பட்டிருக்கிறது என்று எண்ணி, பெருமையோடு அதை அறிவியல் வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் சகோதரி அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். பிறகு, இது செடியன்று என்று பொறுமையாக விளக்கினார். பாறையின் வெடிப்பில் கசிந்த நீர், தன்னில் கரைந்திருந்த மாங்கனீசைக் கிளை கிளையாகப் படியவிட்டுச் சென்றிருக்கிறது. இதில் இலை நரம்பு இல்லை, இலையும் இல்லை. மேலும், நம் பகுதிப் பாறைகளில் பெரும்பாலானவை 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நிலத்தில் செடிகள் தோன்றி இன்னும் 50 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை. பிறகு எப்படி அந்தப் பாறைக்குள் செடி இருக்க முடியும்?

எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது. அதைக் கண்ட சகோதரி, கல்லுக்குள் மெய்யான செடியைக் கண்டறிந்த ஓர் இந்தியரின் வரலாற்றைப் படிக்குமாறு கூறினார். அவர்தாம் பேராசிரியர் பீர்பல் சாஹ்னி. படித்ததை என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பீர்பல் சாஹ்னி 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். நவம்பர் 14 என்றதும் நமக்கு நேரு மாமாவின் நினைவு வருகிறதல்லவா? ஆம், இருவரும் பிறந்தது ஒரே தேதியில்தான். நேரு இரண்டு ஆண்டுகள் மூத்தவர். பீர்பலின் தந்தை ருசி ராம் சாஹ்னி, லாகூர் அரசினர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். தாயார் ஈஸ்வர் தேவி. தந்தை கல்வியில் மட்டுமல்ல, நாட்டுப்பற்றிலும் சிறந்தவர். விடுமுறை நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இமயமலைச் சாரலில் கால்நடையாகவே பல மைல்கள் செல்வார். வழியில் காணும் செடிகளையும் கற்களையும் சேகரிப்பதில் சிறுவன் பீர்பலுக்கு அளவற்ற ஆர்வம். அவன் பிறந்த ஊருக்குச் சிறிது தொலைவில் புகழ்பெற்ற உப்பு மலைத் தொடர் இருந்தது. அம்மலைகளின் பாறைகள் பூமியின் பழங்கதையை அடுக்கடுக்காகக் காட்டுபவை. பின்னாளில் அவரைப் பெரிய வாதம் ஒன்றில் இறக்கிவிட்டதும் அதே மலைதான்.

1911-ஆம் ஆண்டு பீர்பல் லாகூரில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அறிவுள்ள இளைஞர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி ஐ.சி.எஸ். அதிகாரப் பதவியே. கைநிறையச் சம்பளமும் அதிகாரமும் ஊர் மதிப்பும் அதில் உண்டு. மகன் இங்கிலாந்து சென்று அத்தேர்வை எழுத வேண்டும் என்று தந்தை விரும்பினார். மகனுக்கோ தாவரவியலில்தான் நாட்டம். தந்தையின் சொல்லை மீற மாட்டேன், ஆனால் என் விருப்பம் ஆராய்ச்சியே என்று பணிவாகத் தெரிவித்தார். தந்தை வற்புறுத்தவில்லை, மகனின் மனத்தை அறிந்து வழிவிட்டார். பெற்றோர் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால் இந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்!

கேம்பிரிட்ஜில் எம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்த பீர்பலுக்கு சீவர்டு என்னும் பேராசிரியர் வாய்த்தார். பாறைகளில் பதிந்துள்ள பழங்காலத் தாவரங்களை ஆராய்வதில் அவர் உலகப் புகழ் பெற்றவர். இத்துறைக்குத் தொல்தாவரவியல் என்று பெயர். குருவும் சீடரும் சேர்ந்து இந்தியாவின் பழைய தாவரப் பாசில்களை மறு ஆய்வு செய்து 1920-இல் நூலாக வெளியிட்டனர். இதற்கிடையே 1919-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்று சாஹ்னி தாயகம் திரும்பினார். 1920-இல் சாவித்திரி அம்மையாரை மணந்தார். காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் கற்பித்தபின், 1921-இல் புதிதாகத் தொடங்கிய லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியரானார். இறுதிவரை அப்பணியிலேயே இருந்தார்.

செடி எப்படிக் கல்லாகிறது? ஒரு மரக்கிளை ஏரியின் சேற்றில் புதைகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலிக்கா என்னும் தாது கரைந்த நீர் அதன் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுகிறது. நீர் போய்விடுகிறது, தாது தங்கிவிடுகிறது. பல காலம் கழித்து மரம் இருந்த இடத்தில் மரத்தின் உள்ளமைப்பு முழுவதும் அப்படியே கல்லாக இருக்கும். அந்தக் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, அரத்தூள் கொண்டு கண்ணாடியின் மேல் தேய்த்துத் தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நேற்று வெட்டிய தண்டைப் போல அறைகள் தெரியும். ஒரு விநாடி கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கோடி ஆண்டு இருந்த செடி தூளாகப் போய்விடும். எவ்வளவு பொறுமை வேண்டும்!

கங்கை நதி திரும்பும் இடத்தருகே ராஜ்மகால் மலைகள் உள்ளன. அவை அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்திலும் அடங்கியவை. அங்கே ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு வழிந்தோடியது. ஒரு குழம்புப் படலத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே அமைந்த பாறைகளில் அக்காலத்துச் செடிகள் கல்லாக உறங்குகின்றன. அம்மலையில் உள்ள நிபானியா என்னும் சிற்றூரின் கற்களைப் பிளந்தபோது விந்தையான பாசில்கள் கிடைத்தன. ஓரிடத்தில் தண்டு; ஓரிடத்தில் நாடா போன்ற நீண்ட இலை; வேறோரிடத்தில் மல்பெரிப் பழம் போலக் கொத்தாகத் திரண்ட விதைகள். எது எதனோடு சேர்ந்தது என்று சொல்ல எழுதி ஒட்டிய சீட்டு எதுவும் இல்லை.

தண்டை அறுத்துப் பார்த்தால் மேலும் வியப்பு. நம் வீட்டு வேப்பமரத்தில் தண்டின் நடுவே மரக்கட்டை ஒரே உருளையாகவே இருக்கும். இதிலோ தனித்தனியாக ஐந்து மரக்கட்டைத் துண்டுகள் வட்டமாக நின்றன. ஆகவே சாஹ்னியின் மாணவர் ஸ்ரீவஸ்தவா இத்தண்டுக்குப் பென்டாக்சைலான் சாஹ்னியை என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் பென்டே என்றால் ஐந்து. சைலான் என்றால் மரம். பின்பாதி குருவின் பெயர். அதற்கு முன்பே, 1932-இல், சாஹ்னி தாம் ஆராய்ந்த ராஜ்மகால் செடி ஒன்றுக்குத் தம் குரு சீவர்டின் பெயரை வைத்திருந்தார். குருவை மறவாத சீடருக்கு அவ்வாறே ஒரு சீடர் வாய்த்தார்.

சாஹ்னி அந்தத் துண்டுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார். தண்டின் கட்டை ஊசியிலை மரத்தை ஒத்தது. இலையின் நரம்பு அமைப்போ சைக்கஸை நினைவூட்டியது. விதைக் கொத்து இரண்டிலும் சேரவில்லை. தெரிந்த குடும்பம் ஒன்றில் அதை எப்படியாவது திணித்துவிட அவர் முயலவில்லை. தண்டும் இலையும் விதையும் ஒரே வகைச் செடியின் உறுப்புகள் என்பதை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு காட்டினார். இது உலகம் அதுவரை அறியாத புதிய தாவரக் கூட்டம் என்று 1948-இல் அறிவித்தார். பென்டாக்சிலியே என்பது அதன் பெயர். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த அச்செடியின் உறவினங்கள் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அகப்பட்டன. இந்தியாவும் அந்நாடுகளும் ஒரு காலத்தில் ஒன்றாய் இணைந்திருந்தன என்பதற்கு அவையும் சான்று பகர்கின்றன.

சாஹ்னியின் கண் செடிகளோடு நின்றுவிடவில்லை. 1936-இல் ரோத்தக் நகரருகே ஒரு மண்மேட்டில் களிமண் அச்சுகள் கிடைத்தன. அவை பண்டைக் காலத்தில் நாணயம் வார்த்த அச்சுகள் என்று கண்டு, வார்த்த முறையையும் விளக்கி 1945-இல் நூல் எழுதினார்.

இத்தகைய மேதையும் தவறியதுண்டு. உப்பு மலைத் தொடரின் உப்புப் பாறையைக் கரைத்துப் பார்த்தபோது நுண்ணிய தாவரத் துணுக்குகள் தென்பட்டன. ஆகவே அந்த உப்பு சுமார் 5 கோடி ஆண்டுப் பழமையே உடையது என்று அவர் வாதாடினார். வேறு பலரோ அது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்றனர். அவர் மறைவுக்குப் பின் எதிர்த்தரப்பே சரியென்று உறுதியாயிற்று. இதைப் படித்தபோது என் கறுப்புக் கோட்டுக் கல் நினைவுக்கு வந்தது. கல்லில் காண்பது ஒன்று, கல் சொல்வது வேறொன்று என்பதில் பேராசிரியருக்கே சோதனை வந்திருக்கிறது. நான் எம்மாத்திரம்! தவறிவிடுவோமோ என்று அஞ்சி அவர் கேள்வி கேட்காமல் இருந்ததில்லை என்பதே நாம் கற்க வேண்டியது.

1936-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர் கனவு வேறு. தொல்தாவரவியலுக்கென்றே ஒரு நிலையம் நம் நாட்டில் எழ வேண்டும் என்று விரும்பினார். தம் சொத்தையும் நூல்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்த பாசில்களையும் அதற்கே கொடுத்தார். சாவித்திரி அம்மையாரும் மனமுவந்து இசைந்தார். 1946-ஆம் ஆண்டு செப்டம்பரில் நிலையம் எளிய முறையில் தொடங்கியது. 1949-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், பிரதமர் நேரு புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லும் சாதாரணக் கல்லன்று. பல நாடுகளின் பாசில்களைப் பதித்து சாஹ்னியே அதை உருவாக்கியிருந்தார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 10-ஆம் நாள், மாரடைப்பால் பீர்பல் சாஹ்னி இறைவனடி சேர்ந்தார். அப்போது வயது 57. நிலையத்தின் வளாகத்திலேயே அவருடைய சமாதி இருக்கிறது.

அடிக்கல்லோடு எல்லாம் நின்றுபோயிருக்கலாம். நிலையத்துக்குக் கட்டடம் இல்லை, நிறுவியவர் இல்லை. ஆனால் சாவித்திரி அம்மையார் தம் துயரத்தை அடக்கிக்கொண்டு பொறுப்பை ஏற்றார். அவர் விஞ்ஞானி அல்லர். பாசிலை அறுத்து ஆராயத் தெரிந்தவரும் அல்லர். கணவரின் கனவை மட்டும் முழுமையாக அறிந்தவர். அவருடைய இடைவிடா முயற்சியால் 1953-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் நேருவே வந்து புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1969-இல் அம்மையாருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. லக்னோவில் சாஹ்னியின் பெயரைத் தாங்கிய அந்நிலையம் இன்றும் சிறப்போடு இயங்குகிறது. சாஹ்னியின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால், அவர் இல்லாத இந்தப் பகுதியைத்தான் சொல்வேன்.

தோழியரே, நம் ஊர்ப் பாறையில் செடி இல்லை என்று வருந்த வேண்டாம். சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கிழக்கே சென்றால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரை அடையலாம். அங்கே 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று முழுக் கல்லாகப் படுத்திருக்கிறது. 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு அங்கே அழைத்துச் செல்லுமாறு தலைமைச் சகோதரியை இப்பக்கத்தின் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறேன்.

என் கல்லை நான் எறிந்துவிடவில்லை. ஒரு சீட்டில் மாங்கனீசுப் படிவு, செடியன்று என்று எழுதி ஒட்டி, பள்ளி ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டேன். கடவுள் படைத்த பூமியில் எந்தக் கல்லும் பொய் சொல்வதில்லை. அதைச் சரியாகப் படிக்கும் பொறுமையைத்தான் நாம் அவரிடம் வேண்டிக்கொள்ள வேண்டும்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி