ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ



சென்ற ஆண்டு நம் பள்ளி விளையாட்டு விழாவில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் இருவர் தற்காப்புக் கலையைச் செய்து காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் மரக்கத்தியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். மற்றவர் அவருடைய மணிக்கட்டைப் பற்றித் திருகிக் கத்தியைத் தரையில் விழச் செய்தார். நாம் எல்லோரும் கை வலிக்கத் தட்டினோம். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், இனி யார் கத்தியைக் காட்டினாலும் நமக்குப் பயமில்லை என்று என் தங்கை துள்ளிக் குதித்தாள். அவள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள்.

எனக்கு மட்டும் மகிழ்ச்சி முழுமையாக இல்லை. அதற்கு முந்திய மாதம்தான் என் அத்தையின் சங்கிலியைப் பறிக்க ஒருவன் கத்தியுடன் வந்தான். அத்தை விடாமல் போராடினார்கள். சங்கிலி தப்பியது. ஆனால் உள்ளங்கை கிழிந்து, இரண்டு விரல்கள் இன்றும் சரியாக மடங்குவதில்லை. வெறுங்கையால் கத்தியை வெல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஜூடோவின் தந்தை என்று உலகம் போற்றும் ஜிகோரோ கானோவின் வாழ்க்கையை அறிந்தேன்.

கானோ 1860 ஆம் ஆண்டு ஜப்பானில் கோபே நகருக்கு அருகிலுள்ள மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் தந்தையுடன் டோக்கியோ சென்று விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். படிப்பில் அவர் முதல்வர். உடலிலோ மிகச் சிறியவர். வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஐந்தடிக்குச் சற்றே மேல்தான். முரட்டு மாணவர்கள் அவரை அடித்து அழவைத்தார்கள். வலிமை குறைந்தவன் வலியவனை வெல்ல ஜூஜுத்சு என்னும் பழைய கலை உதவும் என்று கேள்விப்பட்டு, அதைக் கற்றே தீருவது என்று உறுதி பூண்டார்.

ஜூஜுத்சு எப்படிப் பிறந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். அது ஜப்பானிய வீரர்களின் போர்க்கலைகளுள் ஒன்று. வீரனுக்கு முதல் துணை வாளும் ஈட்டியும்தான். அவை கைநழுவிய கடைசி நேரத்தில், வேறு வழியே இல்லாதபோது கையாளவே ஜூஜுத்சு பயன்பட்டது. 1876 இல் ஜப்பானிய அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. பழைய போர்க்கலைகளை மதிப்பார் இல்லை. கற்றுத் தந்த ஆசிரியர்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்தார்கள். ஆகவே கானோ, எலும்பு வைத்தியர்களைத் தேடித் தேடிப் போய் ஆசிரியரைக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று!

1877 இல் ஃபுகுதா ஹச்சினோசுகே என்பவர் அவரை மாணவராக ஏற்றார். அங்கே விளக்கம் குறைவு; விழுவதே பாடம். கானோவின் உடல் முழுவதும் காயமும் களிம்புமாக இருக்கும். தம்மைவிடப் பருத்த சக மாணவர் ஒருவரை அவரால் அசைக்கவே முடியவில்லை. சோர்ந்து விடாமல் நூலகத்திற்குச் சென்று மேனாட்டு மல்யுத்த நூல்களைப் படித்தார். எதிராளியைத் தோள்மீது தூக்கி வீசும் ஒரு முறையைக் கண்டறிந்து, பழகி, ஒருநாள் அவரையும் வீழ்த்தினார். எந்த முறையையும் எதிர்த்து நிற்பவரிடம் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும் என்ற பாடத்தை அன்றே அவர் கற்றார் என்று எனக்குத் தோன்றுகிறது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கானோ, 1882 இல் எய்ஷோஜி என்னும் புத்தக் கோயிலில் தம் சொந்தப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவே இடம். மாணவர்களும் ஒரு சிலரே. அதுவே கோடோகன். தம் கலைக்கு ஜூடோ என்று பெயரிட்டார்.

கானோ பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று ராண்டோரி என்னும் சுதந்திரப் பயிற்சி. இதில் இருவரும் முழு மூச்சுடன் ஒருவரை ஒருவர் வீழ்த்த முயல்வர். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பலிக்கும் முறை எது, பலிக்காத முறை எது என்பது உடனே வெளிப்பட்டுவிடும். உயிருக்கு ஆபத்து என்பதால் அடி, உதை, ஆயுதம் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. மற்றொன்று காத்தா. இதில் யார் தாக்குவார், எந்தப் பக்கம் தாக்குவார் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. கிமே நோ காத்தா என்ற தொகுப்பில் இருபது முறைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து குறுவாளுக்கும் இரண்டு வாளுக்கும் எதிரானவை.

அந்த ஏழையும் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். நேராகக் குத்த வரும்போது முதலில் உடல் கத்தியின் பாதையிலிருந்து விலகுகிறது. அதன் பிறகே கை எதிராளியைப் பற்றுகிறது. இன்னொரு முறையில், வாள் உறையை விட்டு வெளியே வரும் முன்பே எதிராளியின் கையை அடக்கிவிட வேண்டும். பழைய வீரர்களும் ஆயுதத்துக்கு அஞ்சியே இவற்றை வகுத்தார்கள்.

அப்படியானால் நம் அக்காமார் செய்து காட்டியது காத்தாவே அன்றி வேறில்லை. தாக்குபவர் ஒரே முறை குத்திவிட்டு, கையைப் பற்ற வசதியாக அப்படியே நிற்கிறார். தெருவில் வருபவன் அப்படி நிற்பானா? கையைப் பின்னுக்கு இழுத்து மீண்டும் மீண்டும் குத்துவான். அருகில் வரும்வரை கத்தியை மறைத்தும் வைத்திருப்பான். கானோ வாழ்ந்த காலத்திலேயே, 1889 பிப்ரவரி 11 அன்று, ஜப்பானின் கல்வியமைச்சர் மோரி அரினோரி தம் வீட்டிலேயே குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். குத்தியவன் எதிரியைப் போல் வரவில்லை. அவரைக் காண வந்தவனைப் போலவே வந்தான்.

இதை நானே சோதிக்க விரும்பினேன். ஓர் அடிக்கோலின் விளிம்பில் மஞ்சளைக் குழைத்துப் பூசித் தங்கையிடம் கொடுத்தேன். பழைய வெள்ளைச் சட்டை ஒன்றை அணிந்துகொண்டு, விருப்பம்போல் குத்தச் சொன்னேன். பத்து முறையில் ஒரே ஒரு முறைதான் அவள் மணிக்கட்டு என் கையில் சிக்கியது. சட்டையெல்லாம் மஞ்சள் கோடுகள்! என் விரல்களிலும் மஞ்சள். பிறகு அவளோடு போராடாமல், அவள் கையை ஓங்கியதுமே திரும்பி ஓடிப் பார்த்தேன். முற்றத்தைச் சுற்றி வந்தும் அவளால் என்னைத் தொட முடியவில்லை. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஒன்றும் பேசவில்லை. தம் உள்ளங்கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

நான் தற்காப்புக் கலை பயின்றவள் அல்லள். நன்கு பயின்றவர் என்னைவிடக் கூடுதலாகத் தப்பலாம். ஆயினும் ஒரு விரல் அளவு தவறினாலும் கத்தி காயப்படுத்திவிடும் என்பதை அந்த மஞ்சள் எனக்குக் காட்டியது.

இனி கானோவின் பிற பெருமைகளையும் காண்போம். அவர் ஆசிரியராகவே வாழ்ந்தவர். டோக்கியோவின் உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். 1909 இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். ஆசியாவிலிருந்து அந்த இடத்தைப் பெற்ற முதல்வர் அவரே. ஆற்றலை வீணாக்காமல் நன்கு பயன்படுத்துவதும், தானும் பிறரும் சேர்ந்து நலம் பெறுவதும் அவருடைய இரு கொள்கைகள். ஒருமுறை கப்பலில் தம்மோடு பலப்பரீட்சைக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவரை அவர் வீழ்த்தியபோது, அவர் தலையில் அடிபடாதவாறு தம் கையால் தாங்கிக்கொண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

பெண்களுக்கும் அவர் கதவைத் திறந்தார். 1893 இல் முதல் மாணவியை ஏற்றார். 1926 இல் கோடோகனில் பெண்கள் பிரிவு தொடங்கியது. தம் முதல் ஆசிரியர் ஃபுகுதாவின் பேத்தி கெய்கோவையும் அவரே பயிற்சிக்கு அழைத்தார். ஐந்தடி உயரமும் இல்லாத அந்தப் பெண்மணி, 2013 இல் 99 வயதில் மறையும்வரை ஜூடோவே வாழ்வாக இருந்தார்.

1938 இல் கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில், மே 4 அன்று கப்பலிலேயே கானோ உயிர் நீத்தார். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1992 இல் பார்சிலோனாவில் பெண்களுக்கும் ஜூடோ பதக்கப் போட்டியாயிற்று.

தோழியரே, தற்காப்புக் கலையை நாம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடிபடாமல் விழவும், நிலை தடுமாறாமல் நிற்கவும், பதறாமல் சிந்திக்கவும் அது கற்றுத் தருகிறது. வெறுங்கையுடன் கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து விடுபட அது பெரிதும் உதவும். ஆனால் கத்தியைக் கண்டால் கேட்டதைக் கொடுத்துவிடுவோம். முடிந்தால் ஓடுவோம், ஊர் கூடக் கூவுவோம். ஓட வழியே இல்லாமல் உயிருக்கே ஆபத்து வரும்போது மட்டும், கற்றதை எல்லாம் திரட்டிப் போராடுவோம். கடைசி வழியாகப் பிறந்த கலையைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்வதில் இழிவு ஒன்றுமில்லை. சங்கிலியை மீண்டும் வாங்கலாம். விரல்களை வாங்க முடியாது.

என் தங்கை இந்த ஆண்டு தற்காப்பு வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். ஓட்டப் பந்தயத்திற்கும் பெயர் கொடுத்திருக்கிறாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி