எழுபது வாக்குப் பெற்ற ஏந்தல்

1955, டிசம்பர் 14. பிரிட்டனின் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்த நாள். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றபோது பிரதமராக இருந்தாரே அட்லி, அவர் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு மூவர் போட்டி. வாக்குச் சீட்டுகள் எண்ணப்பட்டன. கெயிட்ஸ்கல் 157. பெவன் 70. முதியவர் மாரிசன் 40.

எழுபது! மேடை ஏறினால் மக்கள் கடலெனத் திரள்வர். வாய் திறந்தால் எதிரி வாய் மூடுவான். அப்படிப்பட்டவருக்கு எழுபதே எழுபது!

யார் இந்தப் பெவன்? வேல்ஸ் நாட்டிலே ட்ரெடிகர் என்று ஓர் ஊர். கரி தோண்டும் ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1897-ல் பிறந்தவர் அனூரின் பெவன். பதின்மூன்று வயதிலே பள்ளிக்கு முழுக்கு, பாதாளத்திலே பிழைப்பு. போதாக்குறைக்குத் திக்குவாய்! சோர்ந்தாரா? இல்லை. பகலெல்லாம் கரி வெட்டினார். தொழிலாளர் நூல் நிலையத்திலே அறிவை வெட்டியெடுத்தார். திக்கிய நாவைத் தீட்டித் தீட்டி வாளாக்கினார்.

கரித்தூசி தந்தையின் நெஞ்சை அரித்தது. 1925-ல் அவர் மாண்டார். நட்ட ஈடு? ஒரு காசும் இல்லை! அந்த நோய் சட்டத்தின் பட்டியலிலே இல்லையாம். உயிர் போனது உண்மை, ஆனால் நோய் சட்டத்துக்குத் தெரியாது! அந்தத் தணல் மகன் நெஞ்சிலே அணையவே இல்லை.

1929-ல் நாடாளுமன்றம் சென்றார். 1945-ல் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தது. பெவன் சுகாதார அமைச்சரானார். ட்ரெடிகர் தொழிலாளர்கள் கூலியிலே சிறுதொகை கொடுத்துத் தங்களுக்கென மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினர். சிற்றூர் செய்ததை நாடு செய்யக்கூடாதா என்று எண்ணினார் பெவன். 1948, ஜூலை 5-ல் பிறந்தது தேசிய சுகாதார சேவை. சீமானுக்கும் சிகிச்சை, சேரிவாழ் ஏழைக்கும் சிகிச்சை, கட்டணம் இல்லை!

1951-ல் வந்தது பிளவு. கொரியப் போர், ஆயுதச் செலவு ஏறியது. ஆக்ஸ்போர்டிலே பயின்ற நிதி அமைச்சர் கெயிட்ஸ்கல், பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். பல்லுக்கும் கண்ணாடிக்குமா பதவியைத் துறப்பார்கள்? துறந்தார் பெவன்! இன்று பல்லுக்குக் கட்டணம் என்றால் நாளை எதற்கு என்பதே அவர் அச்சம். அமைச்சராயிருந்த ஹரால்டு வில்சனும் உடன் விலகினார்.

கட்சி இரண்டு பாசறையாயிற்று. தொகுதித் தொண்டர்கள் பெவன் பக்கம். 1952 மாநாட்டிலே, செயற்குழுவில் அவர்கள் நிரப்பும் ஏழு இடங்களில் ஆறு பெவன் அணிக்கே! ஆனால் பெரிய தொழிற்சங்கங்களின் தலைவர்களோ மறுபக்கம். 1954-ல் பொருளாளர் தேர்தலிலே, அவர்களின் மொத்த வாக்கு கெயிட்ஸ்கலை வெற்றிபெறச் செய்தது.

பெவன்மீது பிழையே இல்லை என்று சொல்ல வரவில்லை, தோழர்களே. முன்கோபி அவர். 1955 மார்ச்சிலே ஹைட்ரஜன் குண்டு பற்றிய விவாதத்தில், எதிரிகள் பார்த்து மகிழ, சொந்தத் தலைவர் அட்லியையே சபையிலே மடக்கினார். கட்சியை விட்டே விலக்க முனைந்தனர். செயற்குழுவிலே 14-க்கு 13. ஒரே வாக்கில் தப்பினார்! அந்த ஆண்டு டிசம்பரில்தான் தலைமைத் தேர்தல். கெயிட்ஸ்கல் ஒதுங்கினால் தானும் ஒதுங்கி மாரிசனுக்கு வழிவிடத் தயார் என்றார். கெயிட்ஸ்கல் இசையவில்லை. வாக்களிக்கும் உரிமையோ நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும். கொடி பிடித்த தொண்டனுக்குச் சீட்டு ஏது?

தோற்றார். தனிக் கட்சி கண்டாரா? கதவைச் சாத்திக்கொண்டாரா? இல்லை! 1956-ல் மீண்டும் பொருளாளர் தேர்தலில் நின்றார்; இம்முறை வென்றார். தன்னை வென்ற கெயிட்ஸ்கலின் தலைமையிலேயே வெளிநாட்டு விவகாரங்களுக்குக் கட்சியின் குரலானார். சூயஸ்மீது பிரிட்டன் படையெடுத்தபோது டிரபால்கர் சதுக்கத்திலே திரண்ட மக்களிடையே முழங்கினார்.

அந்த ஒற்றுமைக்கு விலையும் கொடுத்தார். 1957 மாநாட்டிலே, அணுகுண்டைப் பிரிட்டன் தனியாகக் கைவிடுவதை எதிர்த்துப் பேசினார். ஆண்டாண்டாய் அவருக்காகத் தோள் கொடுத்தவர்கள் கண்கலங்கினர். சிலர் துரோகம் என்றே கருதினர். அவர் செய்தது சரியா, தவறா? இன்றும் வழக்கு தீரவில்லை.

1959-ல் போட்டியின்றித் துணைத் தலைவரானார். 1960, ஜூலை 6-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 62.

157 பெற்ற கெயிட்ஸ்கல் 1963-ல் மறைந்தார், பிரதமராகாமலே. அவரையடுத்துத் தலைமை ஏற்றவர், 1951-ல் பெவனோடு வெளியேறிய அதே வில்சன்!

பதவி யாருக்கு என்பதைச் சீட்டு முடிவு செய்யும். பெயர் யாருக்கு என்பதைச் செயல் முடிவு செய்யும். சுரங்கத்தான் மகன் கட்டிய மருத்துவக் கோட்டை இன்றும் நிற்கிறது. மருத்துவரைக் காணச் செல்லும் ஏழையிடம் அங்கே எவரும் கட்டணம் கேட்பதில்லை. தோற்றவன் வீட்டைக் கொளுத்தவில்லை. வென்றவன் அவனை வெளியே தள்ளவில்லை. கட்சி இருவர் சொத்துமல்ல, உழைப்பவன் சொத்து என்பதை இருவரும் இறுதியிலே உணர்ந்தனர். உணர்வோம் நாமும்!