விருந்து முடிவதற்குள் காரின் நிறத்தை மாற்றியவர்!

விருந்து முடிந்தது. வாசலுக்கு வந்த பெயிண்ட் வியாபாரி தம்முடைய மோட்டார் காரைத் தேடினார். காணோம்!

நிறுத்திய இடத்தில் ஒரு கார் நின்றது. ஆனால் அதன் நிறம் வேறு. விருந்துக்கு அழைத்தவரோ, அதுதான் உங்கள் வண்டி என்று அமைதியாகச் சொன்னார். வியாபாரி ஒப்புக் கொள்ளவில்லை. தம் வண்டியின் நிறம் இதுவல்ல என்று சாதித்தார்.

சாப்பாட்டுக்கு முன் நடந்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அழைத்தவர் ஒரு வர்ண அட்டையைக் காட்டி, உங்கள் காருக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று கேட்டிருந்தார். இவரும் விளையாட்டாக ஒரு நிறத்தைத் தொட்டுக் காட்டியிருந்தார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்த நிறம் வண்டியில் ஏறி, காய்ந்தும் விட்டது! கார் வர்ணம் அவ்வளவு சீக்கிரம் காயாது என்று வாதாடியவர் வாயடைத்துப் போனார்.

அமெரிக்க மோட்டார் உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. அந்த வேடிக்கையைச் செய்தவர் சார்லஸ் கெட்டரிங். இன்று நாம் ஒரு பொத்தானைத் தொட்டதும் கார் என்ஜின் ஓடுகிறதே, அதற்கு வழி காட்டியவரும் அவர்தான்.

கண் வலித்த மாணவர்

அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் லௌடன்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே ஒரு பண்ணை வீட்டில் 1876-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந்தேதி கெட்டரிங் பிறந்தார்.

படிப்பில் ஆசை அதிகம். கண் பார்வையோ குறைவு. புத்தகத்தைத் திறந்தால் தலைவலி வந்துவிடும். சிறிது காலம் கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்தார். கண் கோளாறு முற்றியதால் படிப்பைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

ஊர் திரும்பியவர் சோர்ந்து உட்காரவில்லை. டெலிபோன் கம்பெனியில் கம்பம் நடுவதற்குக் குழி தோண்டும் வேலை கிடைத்தது. திறந்த வெளியில் உழைத்ததில் உடம்பு தேறியது. கண்ணும் ஓரளவு தெளிந்தது. அந்த வேலையில் இருந்தபோதுதான் ஒலிவ் வில்லியம்ஸ் என்ற டெலிபோன் ஆபரேட்டரைச் சந்தித்தார். பிறகு அவரையே மணந்து கொண்டார்.

கெட்டரிங் மீண்டும் கல்லூரிக்குச் சென்றார். நண்பர்கள் பாடங்களைப் படித்துக் காட்ட, இவர் காதால் கேட்டு மனத்தில் ஏற்றிக் கொண்டார். 1904-ம் ஆண்டு மின்சார என்ஜினீயர் பட்டம் பெற்றார்.

கல்லாப்பெட்டி கற்றுக் கொடுத்த பாடம்

டேட்டன் நகரில் கடைகளுக்குக் கல்லாப்பெட்டி யந்திரம் செய்யும் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. கெட்டரிங் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாளில் கல்லாப்பெட்டியைக் கையால் சுற்றித் திறக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய மின்சார மோட்டாரைப் பொருத்தினார். ஓயாமல் ஓட வேண்டிய மோட்டார் என்றால் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு விநாடி மட்டும் பலத்தைக் காட்டினால் போதும் என்றால் சிறியதே போதும் என்பதை அங்கே கண்டு கொண்டார்.

1909-ல் எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பருடன் சேர்ந்து 'டெல்கோ' கம்பெனியைத் தொடங்கினார். முதல் ஆராய்ச்சிகள் நடந்த இடம் டீட்ஸ் வீட்டுக் கொட்டகை!

அக்காலத்தில் காரைக் கிளப்புவது ஆபத்தான காரியம். முன்னால் நின்று ஹாண்டில் போட வேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். மின்சார மோட்டாரை வைத்துக் கிளப்பலாம் என்றால், அது என்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்குமே என்று நிபுணர்கள் சொன்னார்கள். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவு வந்தது. சில விநாடிகள் மட்டும் முழுப் பலத்தோடு சுழலும் சிறு மோட்டாரை அமைத்தார். 1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் ஹாண்டில் இல்லாமல் கிளம்பின.

பிற்பாடு அவருடைய கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனத்துடன் இணைந்தது. 1920 முதல் 1947 வரை அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிப் பகுதிக்கு அவரே தலைவர்.

வாரக் கணக்கில் காத்திருந்த கார்கள்

அங்கே அவரை உறுத்திய விஷயம் பெயிண்ட்!

அந்த நாளில் காருக்கு வர்ணம் அடிக்கும் முறை குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்தது. எண்ணெயில் குழைத்த வர்ணத்தை பிரஷ்ஷால் பூசுவார்கள். காய்ந்ததும் தேய்ப்பார்கள். மறுபடி பூசுவார்கள். கடைசியில் வார்னிஷ். உயர்ந்த ரகக் கார் ஒன்றுக்கு இப்படி மூன்று, நான்கு வாரங்கள் ஆகிவிடும்.

காரணம் இதுதான்: எண்ணெய் வர்ணம், துணியைப் போல ஈரம் போய்க் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல இழுத்து இறுகுகிறது. அவசரப்படுத்தினால் மேலே தோல் கட்டும். உள்ளே பசையாகவே இருக்கும். இடையில் தூசி விழுந்தால் அந்தக் கோட் வீண்.

ஒரு தொழிற்சாலை நாளொன்றுக்கு ஆயிரம் கார் செய்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். வர்ணம் காய இருபது நாள் என்றால், எந்த நேரமும் இருபதாயிரம் கார்கள் கொட்டகையில் காத்துக் கிடக்கும்! ஹென்றி ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம் 'மாடல் டி' கார்களைக் கறுப்பு நிறத்திலேயே விற்றதற்கு ஒரு காரணம், சூட்டடுப்பில் சீக்கிரம் காயும் கறுப்பு எனாமல்.

இவ்வளவு பாடுபட்டும் அந்த வார்னிஷ் நிலைக்கவில்லை. வெயிலில் மங்கியது, மழையில் உரிந்தது. வாங்கிய வருஷமே கார் கிழடு தட்டியது.

வர்ண நிபுணர்களை கெட்டரிங் கூட்டிப் பேசினார். சில நாட்கள் குறைக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார்கள். அவரோ நாள் கணக்கையே ஒப்பவில்லை. மணிக்கணக்கில் வேலை முடிய வேண்டும் என்றார்.

பஞ்சிலிருந்து வந்த பளபளப்பு

விடை பஞ்சில் இருந்தது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, சாராயம் போன்ற திரவங்களில் கரைத்தால் லாக்கர் கிடைக்கும். திரவம் ஆவியாகப் பறந்தவுடன் வர்ணம் காய்ந்துவிடும். பிராணவாயுவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கரைசல் கூழ்போல் கெட்டியாக இருந்தது. தண்ணீராக இளக்கினாலோ வர்ணம் தங்கவில்லை. கோட் மேல் கோட்டாக அடிக்க வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் டூபாண்ட் கம்பெனியின் ரசாயன நிபுணர்கள். 1920-ல், சினிமா பிலிம் செய்யும் அவர்களுடைய ஆலையில் ஆராய்ச்சி நடந்தபோது, சோடியம் அசிடேட் என்ற உப்பு சேர்ந்தால் கெட்டிக் கரைசல் இளகிவிடுகிறது என்று தற்செயலாகத் தெரிந்தது. இளகிய கரைசலில் நிறைய வர்ணப்பொடியைக் கலக்க முடிந்தது.

கெட்டரிங்கின் ஆட்களும் டூபாண்ட் நிபுணர்களும் இரண்டு வருஷங்களுக்கு மேல் சேர்ந்து பாடுபட்டனர். இரும்புத் தகட்டில் லாக்கர் ஒட்டுவதற்குத் தனி அடிக்கோட் தேவைப்பட்டது. ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கும் முறையும் பக்குவப்பட்டது. பல நிறங்களில் இந்த லாக்கரை அடிக்க முடிந்தது. 1923-ல், அடுத்த ஆண்டு மாடலாக வந்த 'ஓக்லண்ட்' கார் நீல நிறத்தில் ஜொலித்தது. அந்த லாக்கருக்கு வைத்த பெயர் 'ட்யூகோ'. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் புழங்கும் சொல் அது!

சொந்தக்காரரின் பங்கு

ட்யூகோவிலும் ஒரு குறை இருந்தது. அடித்தவுடன் பளபளக்காது. காய்ந்த பிறகு நயமான பசை போட்டுத் தேய்த்து, பாலிஷ் கொடுத்தால்தான் மினுங்கும். நாளாக நாளாக மங்கவும் செய்யும். ஆகவே கார் வாங்கியவர்கள் பாலிஷும் மெழுகும் வாங்கினார்கள். காய்வதற்காகத் தொழிற்சாலை காத்திருந்த காலம் போயிற்று. மினுக்குக் குறையாமல் பார்த்துக் கொள்ளும் வேலை சொந்தக்காரரிடம் வந்தது.

இன்றைய கார்களில் லாக்கர் இல்லை. வேறு ரக வர்ணத்தைச் சூட்டடுப்பில் இறுக்கி, மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற ஒரு கோட் கொடுக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். நிறமற்ற மேல் கோட் அதில் பாதிகூட இராது. மெஷின் பாலிஷ் போடும்போதெல்லாம் அதில் சிறிது தேய்ந்து போகிறது. புதுக் காரை அடிக்கடி பாலிஷ் போடுவது, சட்டையைக் கல்லில் அடித்து அடித்து வெளுப்பது போல!

புதுக் காருக்கு முதல் எதிரி உலர்ந்த தூசி. காலையில் துணியால் வறட்டென்று துடைப்பதுதான் நம் வழக்கம். தூசியில் உள்ள மணல் வர்ணத்தைக் கீறுகிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விடுங்கள். நிழலில் வைத்துக் கழுவுங்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளி, அழுக்குத் துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வைத்துக் கொள்ளுங்கள். தூசி படிந்த வண்டிமேல் உறை போட்டு இழுத்தாலும் கீறல்தான்.

பறவை எச்சமும் மரப்பிசினும் வெயிலில் காய்ந்தால் வர்ணத்தை அரிக்கும். கண்டவுடன் ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். மெழுகு பூசினால் சில வாரங்கள் காக்கும். செராமிக் பூச்சு அதைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் பறந்து வரும் கல்லைத் தடுக்காது. கல்லடியைத் தாங்குவதற்கு வர்ணத்தின்மேல் ஒட்டும் கனமான பிலிம்தான் வேண்டும்.

அவசரத்தின் மறுபக்கம்

கெட்டரிங்கின் வேகம் எல்லா இடத்திலும் நன்மை செய்துவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்ஜினுக்குள் பெட்ரோல் ஒழுங்கின்றி வெடித்துத் தட்டுவதை நிறுத்த மருந்து தேடினார். அவர்கீழ் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் ஈயம் கலந்த ஒரு திரவத்தைக் கண்டுபிடித்தார். தட்டல் நின்றது. 1923-ல் விற்பனையும் தொடங்கியது.

ஈயம் விஷம் என்பது அன்றும் தெரிந்த சங்கதிதான். 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் இந்தத் திரவத்தைச் செய்த ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டு, மறுபடியும் தொடங்கியது. அதை விற்ற கம்பெனிக்கு முதல் தலைவராக இருந்தவர் கெட்டரிங். கார்களின் புகையோடு ஈயம் உலகெங்கும் பரவி, குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இந்தியா 2000-ம் ஆண்டில்தான் அதை விலக்கியது. உலகம் முழுவதும் கார்களுக்கு அது நின்றது 2021-ல்!

வர்ணம் காயக் காத்திருந்தது வீண் காலம். அதை அவர் ஒழித்தது சரி. ஒரு விஷத்தை ஊரெங்கும் பரப்புமுன் காத்திருந்து சோதித்திருந்தால், அது வீண் காலம் ஆகியிராது.

கடைசிக் காலம்

1945-ல் நியூயார்க்கில், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் பெயரையும் இவர் பெயரையும் சேர்த்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. அங்கே இன்றும் பணி நடக்கிறது. ரயில் வண்டிகளை இழுக்கும் டீசல் என்ஜினை இலேசாக்கியதிலும் கெட்டரிங்குக்குப் பெரும் பங்கு உண்டு. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட பேட்டண்டுகள் அவர் பெயரில் இருந்தன. 1958-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி டேட்டனில் காலமானார். வயது 82.

கண் தெரியாமல் படிப்பை விட்ட மாணவர், உலகத்துக் கார்களுக்கெல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறம் தந்தார். உங்கள் வீட்டு வாசலில் புதுக் கார் வந்து நின்று, அதில் உங்கள் முகம் தெரியும்போது அவரை நினைத்துக் கொள்ளுங்கள். அப்படியே, கையில் இருக்கும் வறட்டுத் துணியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வாருங்கள்!