விழாத கோடரி: ஓவியர் ரிச்சர்ட் டாட்

தேவதை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு வெண்ணிற ஆடையும் மெல்லிய சிறகுகளும் கையில் ஒரு மந்திரக்கோலும்தான் நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளி நூலகத்தில் நான் புரட்டிய படக்கதை நூல்கள் எனக்குக் காட்டிய தேவதையும் அவள்தான். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அவளை மறந்தே போனேன்.

முதலாம் ஆண்டில், பல்கலைக்கழக நூலகத்தில் வேறொரு நூலைத் தேடப் போய், இங்கிலாந்து ஓவியங்களின் தொகுப்பு ஒன்றைப் புரட்ட நேர்ந்தது. அதில் ஒரு படம் என்னை நிறுத்தி வைத்தது. படம் முழுவதும் புற்களும் டெய்சிப் பூக்களும். அவற்றுக்கிடையே விரலளவு மனிதர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. நடுவில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டியபடி கோடரியைத் தலைக்கு மேல் ஓங்கி நிற்கிறான். எல்லாருடைய கண்களும் எதற்காகவோ காத்திருக்கின்றன.

அடுத்த பக்கத்தில் ஓவியரைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. பெயர் ரிச்சர்ட் டாட். பெற்ற தந்தையைக் கொன்றவர். வாழ்நாளில் 42 ஆண்டுகளை மனநோய்க் காப்பகங்களில் கழித்தவர். படித்தவுடன் நூலை மூடி வைத்துவிட்டேன். கொலைகாரன் வரைந்த தேவதைகளை நான் ஏன் வியக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அப்போது எழுந்தது. ஆனால், அந்தப் படம் என்னை விடவில்லை. மறுநாள் மீண்டும் அதே நூலைத் தேடிப் போனேன்.

வளர்ந்து வந்த கலைஞர்

ரிச்சர்ட் டாட் 1817ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள சாத்தம் என்ற துறைமுக நகரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டாட் மருந்து வணிகர். அறிவியலில் நாட்டம் மிக்கவர். ரிச்சர்ட் சிறு வயதிலேயே தாயை இழந்தார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு தந்தையின் தோளில் விழுந்தது. 1834இல் குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தை, ஓவியச் சட்டங்களைச் செதுக்கிப் பொன்முலாம் பூசும் தொழிலை மேற்கொண்டார். மகனின் கைத்திறனை முதலில் கண்டுகொண்டு ஊக்கம் தந்தவரும் அவரே.

இருபதாவது வயதில் ரிச்சர்ட் புகழ்பெற்ற ரோயல் அகாடமி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அகஸ்டஸ் எக், வில்லியம் பவல் ஃப்ரித் முதலான இளம் ஓவியர்களுடன் சேர்ந்து 'தி கிளிக்' என்ற குழுவை அமைத்தார். வாரந்தோறும் கூடி ஒரே கருவில் ஆளுக்கொரு படம் வரைவதும், பிறகு அவற்றை விவாதிப்பதும் அவர்கள் வழக்கம். நண்பர்கள் அவரை மென்மையானவர், நகைச்சுவை மிக்கவர், யாரையும் புண்படுத்தாதவர் என்றே அறிந்திருந்தனர்.

அன்றைய இங்கிலாந்தில் தேவதை ஓவியங்களுக்குத் தனி வரவேற்பு இருந்தது. நீராவி இயந்திரமும் தொழிற்சாலைப் புகையும் நாட்டைச் சூழ்ந்து வந்த காலம் அது. மக்கள் மனம் காட்டையும் நிலவொளியையும் நாட்டுப்புறக் கதைகளையும் நாடியது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் வரும் தேவதைகள் ஓவியர்களுக்கு வற்றாத ஊற்றாக விளங்கினர். டாட் 1841இல் உறங்கும் தேவதை அரசி டைட்டானியாவையும், குறும்புக்காரன் பக்கையும் வரைந்தார். டைட்டானியா படம் இன்று பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு பிரபுவின் மாளிகையை அழகுபடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியப் பலகைகள் வரையும் பணியும் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 24. ஏறத்தாழ நம் வயதுதான்!

திசை மாறிய பயணம்

1842ஆம் ஆண்டு ஜூலை மாதம் சர் தாமஸ் பிலிப்ஸ் என்ற வழக்குரைஞர் நீண்ட வெளிநாட்டுப் பயணம் ஒன்றைத் தொடங்கினார். கண்ட இடங்களைப் படமாக்கித் தர ஓர் ஓவியர் தேவைப்பட்டார். டேவிட் ராபர்ட்ஸ் என்ற மூத்த ஓவியர் டாட்டின் பெயரை முன்மொழிந்தார். இத்தாலி, கிரேக்கம், துருக்கி, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எனப் பயணம் நீண்டது. பெரும்பாலும் குதிரை மீதே பயணம். தங்கி வரைய நேரமே கிடைக்கவில்லை. குறிப்பேடுகள் நிறைந்தன. காட்சிகள் கண்ணிலும் மனத்திலும் குவிந்துகொண்டே போயின.

எகிப்தில் நைல் ஆற்றில் படகில் சென்றபோது அவரிடம் மாற்றங்கள் தென்பட்டன. காரணமின்றிச் சினந்தார், தம்மை யாரோ பின்தொடர்வதாக ஐயுற்றார். கடும் வெயிலின் பாதிப்பாக இருக்கும் என்றே உடனிருந்தவர்கள் கருதினர். ஆனால், எகிப்தியரின் பழந்தெய்வமான ஒசிரிஸ் தமக்குக் கட்டளையிடுவதாக அவர் உள்ளூர நம்பத் தொடங்கியிருந்தார். ரோம் நகரில் போப்பாண்டவரைக் கண்டபோது அவரைத் தாக்கும் உந்துதல் கூட எழுந்ததாம். 1843ஆம் ஆண்டு மே மாதம் பாரிசில் பிலிப்சைப் பிரிந்து, அவசரமாக இலண்டன் திரும்பினார்.

நண்பர்கள் திகைத்தனர். முன்பு பழகிய டாட் அல்லர் இவர். டாக்டர் அலெக்சாண்டர் சதர்லண்ட் என்ற மனநோய் மருத்துவர் அவரைப் பரிசோதித்து, இவர் தம் செயலுக்குத் தாம் பொறுப்பேற்கும் நிலையில் இல்லை, கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று எச்சரித்தார். தந்தைக்கு மனம் வரவில்லை. அமைதியும் ஓய்வும் கிடைத்தால் மகன் தேறிவிடுவான் என்று நம்பினார். தாமே பார்த்துக்கொள்வதாக முடிவு செய்தார்.

1843ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள். கொபாம் என்ற சிற்றூருக்குத் தம்முடன் வந்தால் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவதாக மகன் அழைத்தார். தந்தை மகிழ்ச்சியோடு உடன் சென்றார். அங்கிருந்த விடுதியில் இருவரும் உணவருந்தினர். இரவு உலாவச் சென்றபோது, கொபாம் பூங்காவில் மகன் தந்தையைக் கத்தியால் கொன்றார். தம் முன்னால் நிற்பவர் தந்தையே அல்லர், தந்தை உருவில் வந்த தீய சக்தி என்பது அவருடைய நம்பிக்கை.

பிரான்சுக்குத் தப்பியோடிய டாட், பாரிசை நோக்கிச் செல்லும் வழியில் சக பயணி ஒருவரைச் சவரக்கத்தியால் தாக்கிப் பிடிபட்டார். இலண்டனில் அவருடைய ஓவியக்கூடத்தைச் சோதித்தபோது நண்பர்களின் உருவப்படங்கள் கிடைத்தன. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சிவப்புக் கோடு! அந்தக் கோடுகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

சுவர்களுக்குள்ளே ஒரு கானகம்

சில மாதங்கள் பிரெஞ்சுக் காப்பகம் ஒன்றில் இருந்த பிறகு அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். மனநோயாளி எனச் சான்றளிக்கப்பட்டதால் தூக்குமேடைக்குச் செல்லவில்லை. 1844ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இலண்டன் பெத்லெம் மருத்துவமனையில், குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கான பிரிவில் அடைக்கப்பட்டார். கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் பெட்லம் என்ற ஆங்கிலச் சொல் பிறந்ததே இந்த மருத்துவமனையின் பெயரிலிருந்துதான். கம்பியிட்ட சன்னல்களும் இருண்ட கூடங்களும் கொண்ட அந்தப் பிரிவில் அவர் காலடி வைத்தபோது வயது 27.

அவருடைய கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குச் சில நல்ல மனிதர்கள் காரணமாயினர். 1850களில் பொறுப்பேற்ற டாக்டர் வில்லியம் சார்ல்ஸ் ஹூட் நோயாளிகளையும் மனிதர்களாகக் கண்டவர். கூடங்களில் வெளிச்சத்தையும் பூக்களையும் புத்தகங்களையும் கொண்டு வந்தார். டாட்டுக்குத் தூரிகையும் வண்ணமும் தடையின்றிக் கிடைத்தன. மனித உணர்ச்சிகளை விளக்கும் நீர்வண்ண ஓவியங்கள் முப்பதுக்கும் மேல் வரைந்தார். ஹூட்டுக்காக 1854 முதல் 1858 வரை உழைத்து, தேவதை அரசன் ஓபரானும் அரசி டைட்டானியாவும் பிணங்கி நிற்கும் முட்டை வடிவ ஓவியத்தைத் தீட்டினார். அதை வரையும் நிலையில் எடுக்கப்பட்ட அவருடைய நிழற்படம் ஒன்று இன்றும் உள்ளது. தாடி வைத்த அந்த மனிதர் தூரிகையோடு நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறார்.

மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பாளர் ஜோர்ஜ் ஹென்றி ஹேடன் தமக்கும் ஒரு தேவதைப் படம் வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதால் பிறந்ததுதான் நான் நூலகத்தில் கண்ட ஓவியம். 'ஃபேரி ஃபெல்லர்ஸ் மாஸ்டர் ஸ்ட்ரோக்' என்பது அதன் பெயர். தேவதை உலக மரவெட்டியின் கைதேர்ந்த வெட்டு என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

54 செண்டிமீட்டர் உயரமும் 39 செண்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறிய துணியில் டாட் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். வண்ணத்தின் மேல் வண்ணமாக அடுக்கி வரைந்ததால் புல்லும் பூவும் புடைத்து நிற்பது போல் தோன்றுகின்றன. மரவெட்டியின் முன்னால் ஒரு கொட்டை கிடக்கிறது. அதை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளக்க வேண்டும்; அரசி மாபுக்கு அதிலிருந்து புதிய தேர் செய்ய வேண்டும். நடுவில் அமர்ந்துள்ள வெண்தாடி முதியவர் சைகை காட்டும் வரை கோடரி இறங்கக் கூடாது. மேல் வரிசையில் படைவீரன், கடலோடி, தையற்காரன், உழவன் என ஒரு கூட்டம். அதில் உரலும் உலக்கையுமாக ஒரு மருந்து வணிகரும் இருக்கிறார். அவர் ஓவியரின் தந்தை என்று கருதப்படுகிறது.

இந்தச் செய்தியைப் படித்த பிறகு என்னால் அந்தப் படத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. தம் கையால் கொன்ற தந்தையை, ஓங்கிய கோடரியைப் பார்த்து நிற்கும் கூட்டத்தில் ஒருவராக டாட் வரைந்திருக்கிறார். ஏன்? கழுவாயா? ஏக்கமா? பழைய நம்பிக்கைகளை அவர் கடைசிவரை கைவிடவில்லை என்கின்றனர் மருத்துவர்கள். எனவே, வருந்தினார் என்று நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1865இல் இப்படத்தை விளக்க அவரே ஒரு நெடுங்கவிதை எழுதினார். அதில் ஒவ்வோர் உருவத்தையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறார். கடைசியில் இதிலிருந்து எதுவும் விளங்காது என்று அவரே கையை விரித்து விடுகிறார்.

அக்கவிதை எழுதப்பட்டபோது படம் அவரிடம் இல்லை. 1864ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் பெர்க்‌ஷயரில் புதிதாகக் கட்டப்பட்ட பிராட்மூர் காப்பகத்துக்கு மாற்றப்பட்டார். ஓவியம் முற்றுப்பெறாமலே பெத்லெமில் தங்கிவிட்டது. அதன் கீழ்ப்பகுதியில் வண்ணம் தீட்டப்படாத இடங்களை இன்றும் காணலாம். பிராட்மூரில் அவர் நாடக மேடைக்குத் திரைச்சீலைகளும் காட்சி ஓவியங்களும் வரைந்தார். 1886ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் நுரையீரல் நோயால் காலமானார். வயது 68.

மறதியும் மீட்சியும்

உயிரோடு இருந்தபோதே உலகம் அவரை மறந்துவிட்டது. முதல் உலகப்போரில் அவருடைய உறவுவழிப் பேரன்களில் இருவர் உயிர்நீத்தனர். அவர்களுடைய சகோதரர் ஜூலியன் டாட், கவிஞர் சீக்ஃபிரிட் சசூனின் போர்முனைத் தோழர். அச்சகோதரர்கள் மூவரின் நினைவாக, தம்மிடமிருந்த அந்த ஓவியத்தைச் சசூன் 1963இல் இலண்டன் டேட் கலைக்கூடத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். 1974இல் டேட் கலைக்கூடம் டாட்டின் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. அதே ஆண்டு, குவீன் இசைக்குழுவின் ஃபிரடி மெர்குரி அந்த ஓவியத்தின் பெயரிலேயே பாடலொன்றை இயற்றி வெளியிட்டார்.

டாட்டுக்கு இருந்தது இன்று மனச்சிதைவு என்று அழைக்கப்படும் நோயாக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. அவருடைய உடன்பிறந்தோர் சிலரையும் மனநோய் வாட்டியது. இந்நோய்க்குப் பயன் தரும் முதல் மருந்து 1950களில்தான் வந்தது. ராபர்ட் டாட்டின் காலத்தில் அப்படி எதுவும் இல்லை. மருத்துவர் எச்சரித்தும் மகனைக் காப்பகத்தில் விட மறுத்த அந்தத் தந்தையை நான் குறை சொல்லத் துணியமாட்டேன். அன்றைய காப்பகங்களின் நிலை அவருக்குத் தெரியும். ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும். பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நம் வீட்டில் ஒருவருக்கு அப்படி நேர்ந்தால் நாம் என்ன செய்வோம் என்று கேட்டுப் பார்த்தேன். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இன்று மருந்து உண்டு, மருத்துவர் உண்டு. ஆனால், அந்த அச்சமும் வெட்கமும் முற்றாக நீங்கிவிட்டனவா? வளாகத்தில் நாம் விளையாட்டாக ஒருவரை மெண்டல் என்று அழைக்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து, இரவெல்லாம் உறங்காமல் தவிக்கும் நண்பன் யாரிடமும் வாய் திறக்காமல் இருக்கலாம். டாட்டைப் பற்றிப் படித்த பிறகு நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

முதல் நாள் நூலை மூடியபோது எழுந்த கேள்விக்கு என்னிடம் இப்போது ஒரு விடை உண்டு. அவர் செய்த கொலையை அவருடைய ஓவியம் அழித்துவிடாது. அவருடைய ஓவியத்தை அந்தக் கொலையும் அழித்துவிடாது. இரண்டும் ஒரே கை செய்தவை என்பதை ஏற்றுக்கொள்வது கடினம்தான். ஆயினும், உண்மை அதுவே. கொபாம் பூங்காவில் அந்தக் கை தயங்கவில்லை. ஓவியத்திலோ, ஓங்கிய கோடரி முதியவரின் சைகைக்காக இன்றும் அப்படியே காத்து நிற்கிறது. மேல் வரிசையில் இருக்கும் மருந்து வணிகருக்கு ஒன்றும் நேரவில்லை.